உள்ளே மூன்று, வெளியே நூற்று நாற்பது

வளைகாப்பு முடிந்ததும் மகள் சுகன்யாவைத் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். சுடலைவடிவு இதை ஒரு முடிவு என்றே நினைத்ததில்லை. அவள் அம்மா அவளை அழைத்து வந்தாள், அவள் தன் மகளை அழைத்து வருவாள், அவ்வளவுதான். இதில் யோசிக்க ஏதோ இருக்கிறது என்று கண்டுபிடித்தவள் கூடங்குளத்துச் சம்பந்தியம்மாள் மாரித்தாய்.

"மைனி, தப்பா எடுத்துக்கிடாதிய," என்று மாரித்தாய் போனில் ஆரம்பித்தாள். தப்பாக எடுத்துக்கொள்ளும்படி ஏதோ வரப்போகிறது என்று சுடலைவடிவுக்குத் தெரிந்துவிட்டது. "உங்க வீடு ரோட்டு மேல இருக்கு. பச்சப் பிள்ளைய அந்தப் பொகைக்குள்ள கொண்டு போட எங்களுக்கு மனசு கேக்கல. பிரசவம் இங்கனயே நடக்கட்டுமே."

"சுகன்யாவும் அந்த வீட்டுலதான மைனி வளந்தா?"

"அப்போ அது சின்ன ரோடு. இப்போ நாலு வழி."

பேட்டையைத் தாண்டித் தென்காசி ரோட்டில் இருக்கிறது சுடலைவடிவின் வீடு. ஒரு காலத்தில் வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு வேப்பமரம், ஒரு கோழிக்கூடு, துணி காயப்போட ஒரு கொடி எல்லாம் இருந்தன. அகலப்படுத்தியபோது அவை போயின. இப்போது முன்னறையில் கணவர் பெருமாள்ராஜ் வைத்திருக்கும் பஞ்சர் கடை, கடையை ஒட்டிச் சாக்கடை மூடி, மூடியை ஒட்டி ரோடு. கேரளாவுக்கு ஜல்லி ஏற்றிப் போகும் லாரிகள் அந்த வழியாகத்தான் போகும். போகும்போது பாரம், வரும்போது வேகம்.

அவளுக்கு மனதில் குத்தியது வேறு. மாரித்தாயின் வீட்டு மாடியில் நின்றால் அணுமின் நிலையத்தின் குவிமாடம் இரண்டும் வெள்ளையாகத் தெரியும். அங்கே இருந்துகொண்டு இவளைப் பார்த்துக் காற்று சரியில்லை என்கிறாள். ஆனால் அதைச் சொல்லவும் முடியாது. கூடங்குளத்தில் கடற்காற்று நிஜமாகவே நன்றாக இருக்கும். போன முறை போயிருந்தபோது சுடலைவடிவு இரண்டு நாள் இருமாமல் தூங்கினாள்.

வழி கண்டுபிடித்தவன் மருமகன் தேவேந்திரன். அதே நிலையத்தில் ஒப்பந்த வேலை அவனுக்கு. கருவிகள் காட்டும் எண்களைப் பார்த்துப் பார்த்து எழுத வேண்டும். எண் இல்லாத பேச்சு அவனுக்கு வம்பாகத்தான் படும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு சிறிய வெள்ளைப் பெட்டிகளுடன் வந்து இறங்கினான்.

"அம்மா ஒண்ணு சொல்லுதாவ, நீங்க ஒண்ணு சொல்லுதிய. மிஷின் சொல்லட்டும் அத்த. வளைகாப்பு வரைக்கும் பாப்போம்."

பெட்டி சோப்பு டப்பா அளவுதான் இருந்தது. முகத்தில் ஒரு எண், பக்கத்தில் வலை போட்ட ஓட்டை, அதற்குள் கொசு ரீங்கரிப்பது போல ஓடும் விசிறி. காற்றில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத தூசியை அது எண்ணுமாம். அறுபதுக்குக் கீழே இருந்தால் பச்சை விளக்கு, தாண்டினால் மஞ்சள், அப்புறம் சிவப்பு. ஒன்றைக் கடையின் கூரைச் சார்ப்புக்கு அடியில் உயரக் கட்டினான். இன்னொன்றை உள்ளே கூடத்தில், காலண்டர் ஆணிக்குப் பக்கத்தில் மாட்டினான். இரண்டையும் கூடங்குளத்திலிருந்தே செல்போனில் பார்ப்பதற்கு இன்டர்நெட் வேண்டும். அதற்கு சிம் போட்ட ஒரு சின்னக் கருவியையும் செருகினான்.

பெருமாள்ராஜ் வந்து பார்த்தார். "கரண்டு எவ்வளவு இழுக்கும்?"

"செல்போன் சார்ஜர் அளவுதான் மாமா."

"அப்ப சரி." அவருடைய சந்தேகம் அத்தோடு தீர்ந்தது.

வெளியே நூற்று முப்பத்திரண்டு காட்டியது. உள்ளே நூற்றுப் பதினெட்டு. இரண்டும் சிவப்பு. தேவேந்திரன் மரியாதை தெரிந்த பையன். காலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"நடுவுல ஒரு செவரு இருக்கு அத்த. அது காத்துக்குத் தெரியல போல."

"அறுபதுக்குக் கீழ கொண்டு வந்தா அனுப்புவியளா?"

"அம்மாட்ட நான் பேசுதேன்."

அன்றிலிருந்து சுடலைவடிவின் வேலை அந்த எண்ணை இறக்குவது என்றாகிவிட்டது.

முதலில் ரோட்டுப் பக்கத்துச் சன்னல்களை அடைத்தாள். எண் கொஞ்சம் இறங்கியது. அடுப்பில் ரசம் கொதித்தபோது மறுபடி ஏறி, இறங்க மாட்டேன் என்று நின்றது. சன்னலைத் திறந்தாள். ரசம் வெளியே போய் லாரி உள்ளே வந்தது. திறந்தால் ரோடு, மூடினால் அடுப்பு. நாள் முழுக்கப் பார்த்ததில் இன்னொன்றும் புரிந்தது. வெளியே எண் ஏறினால், ஒரு உலை கொதிக்கிற நேரத்துக்குள் உள்ளேயும் ஏறுகிறது. வெளியே இறங்கிய பிறகு உள்ளே மட்டும் இறங்காமல் கிடக்கிறது. கல்யாணத்துக்கு வந்துவிட்டுக் கிளம்ப மனமில்லாத உறவுக்காரரைப் போல.

கணவரிடம் போனாள். "டயரு மாட்ட வார லாரியெல்லாம் எஞ்சினை ஓட விட்டுட்டே நிக்கி. அணைக்கச் சொல்லுங்க."

"அணைச்சா திரும்ப ஸ்டார்ட் ஆவாதுங்கானுவ."

"அதையும் நீங்க பாக்க வேண்டியதுதான?"

"நான் டயரு மட்டுந்தான்."

இருந்தாலும் மகள் விஷயம் என்பதால் ஒரு தகரத்தில் 'தயவு செய்து எஞ்சினை நிறுத்தவும்' என்று எழுதி மாட்டினார். டிரைவர்களில் பாதிப் பேர் மலையாளம் மட்டும் படிக்கிறவர்கள். மீதிப் பேர் எஞ்சினை ஓட விட்டபடி நின்று அதைப் படித்தார்கள்.

பிறகு அடுப்பின் முறை வந்தது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி நின்றது. கொசுவர்த்தி நின்றது. ஊதுபத்தி நின்றது. தாளிப்பதை அவளாக நிறுத்தவில்லை, அதை போன் நிறுத்தியது.

"அத்த, உள்ள தொண்ணூத்தாறு போவுது. என்னமும் வறுக்குதியளா?"

"கடுகு தாளிச்சேன் மாப்ள."

"எண்ணெய் காயும் முன்னாலேயே கடுகப் போட்டா என்ன?"

"வெடிக்காது."

"வெடிக்காம சாப்பிட்டா என்ன அத்த?"

தன் கணவர் இத்தனை வருசத்தில் கேட்காத கேள்விகளை மருமகன் கேட்கிறான் என்பதில் அவளுக்கு ஒரு பக்கம் பெருமைதான். இன்னொரு பக்கம், வடகம் பொரித்தால் அறுபது மைலுக்கு அப்பால் ஒருத்தனுக்குத் தெரிகிறது என்பது சங்கடமாக இருந்தது. அடுப்படியில் நின்று மூக்கைச் சொறியக்கூட யோசித்தாள்.

எல்லாவற்றையும் வேகவைத்தே போட்டாள். வேகவைத்த காய், வேகவைத்த பருப்பு, தாளிக்காத மோர்க்குழம்பு. பெருமாள்ராஜ் நான்கு நாள் பேசாமல் சாப்பிட்டார். ஐந்தாம் நாள் தட்டைப் பார்த்தபடி கேட்டார்:

"ஏளா, பிரசவம் அவளுக்கா எனக்கா? எனக்கு எதுக்குப் பத்தியம் போடுத?"

உள்ளே எண் எண்பது வரைக்கும் இறங்கியது. அதற்குக் கீழே இறங்கவில்லை. பழைய சேலைகளை நனைத்து, இரண்டாக மடித்துச் சன்னல்களில் தொங்கவிட்டாள். எழுபத்தாறு. வளைகாப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது.

இதற்கிடையில் ஆயுத பூஜை வந்தது.

பெருமாள்ராஜுக்கு வருசத்தில் இரண்டு திருநாள்தான். ஒன்று ஊரில் சுடலைமாடன் கொடை, மற்றது ஆயுத பூஜை. அன்று காலையிலேயே கடையைக் கழுவிவிட்டார். ஜாக்கி, லிவர், சுத்தியல், ஸ்பேனர் எல்லாவற்றையும் வாழையிலையில் வரிசையாக வைத்தார். காற்றடிக்கும் கம்ப்ரசருக்கு மாலை போட்டார். சந்தனம் குழைத்து எடுத்துக்கொண்டு கடையிலிருந்து வீட்டுக்குள் புகுந்தார். மிக்சி, கிரைண்டர், தையல் மிஷின், டிவி, காஸ் அடுப்பு என்று ஓடுவது எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். காலண்டருக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அதுவும் ஓடுகிற மிஷின்தான். மகள் இந்த வீட்டுக்கு வருவதும் வராததும் அதன் கையில் இருக்கிறது. சாம்பிராணி காட்டக் கூடாது என்று மனைவி சொல்லியிருந்தாள். அந்தக் குறையைச் சந்தனத்தில் ஈடுகட்டினார். மூன்று விரலால் அள்ளி, நல்ல கெட்டியாக, பக்கவாட்டில் ஒரு பட்டை இழுத்து நடுவில் குங்குமம் வைத்தார். வெளியே உயரத்தில் இருந்த மிஷின் எட்டவில்லை. கம்பி நுனியில் தொட்டு அதற்கு ஒரு பொட்டு வைத்ததோடு சரி.

மறுநாள் காலை தேவேந்திரன் போன் செய்தான். குரலே மாறியிருந்தது.

"அத்த. மூணு."

"என்ன மூணு?"

"உள்ள மூணு காட்டுது. வெளியே நூத்தி நாப்பது. ராத்திரி முழுக்க மூணுதான். என்ன செஞ்சிய?"

சுடலைவடிவு ஓடிப்போய்ப் பார்த்தாள். மூன்று. பச்சை. சந்தனத்துக்கும் குங்குமத்துக்கும் நடுவில் அந்தப் பச்சை விளக்கு சாமி அறையில் எரிகிற மாதிரி எரிந்தது. மிஷின் கெட்டுப்போயிருக்குமோ என்று அவனே ஒருமுறை சந்தேகப்பட்டானாம். ஆனால் வெளியே இருப்பது சரியாகக் காட்டுகிறது. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே நாளில் வாங்கியவை. அதனால் இதுவும் சரியாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டினான்.

"ஈரச் சேலைதான் மாப்ள," என்றாள் அவள். அவளும் அதைத்தான் நம்பினாள். "ரெண்டா இருந்தத நாலா மடிச்சுப் போட்டேன்."

சாயங்காலம் மாரித்தாயே கூப்பிட்டாள். "மூணாமே மைனி. இங்கனயும் ஒரு மிஷின் வாங்கி மாட்டிப் பாத்தான், எங்க வீட்டுலயே பதினெட்டு போவுதாம்."

"அப்படியா மைனி?" என்று கேட்டுக்கொண்டாள் சுடலைவடிவு. அந்தப் பதினெட்டை இரண்டு நாள் மனதுக்குள் வைத்து ருசித்தாள். கடற்கரை வீட்டைவிடத் தென்காசி ரோட்டு வீடு சுத்தம். பால்காரரிடம் சொன்னாள். ரேஷன் கடை வரிசையில் சொன்னாள். அங்கே அவளுக்குப் பழக்கமான ஹமீது பீவி, பேட்டை உள்தெருவில் இருப்பவள், "ஈரச் சேலைக்கு அவ்வளவு பரக்கத்தா, அவ்வளவு மகிமையா?" என்று கேட்டுவிட்டுத் தன் மூட்டுவலிக்கும் அது உதவுமா என்று விசாரித்தாள்.

வளைகாப்புக்கு மற்றச் சீரோடு இட்லிப் பொடியும் கொண்டுபோக வேண்டும், சுகன்யாவுக்கு அம்மா அரைக்கும் பொடிதான் பிடிக்கும். இனி பயமில்லை என்ற தைரியத்தில் சுடலைவடிவு வற்றல் மிளகாயை வாணலியில் கொட்டி வறுத்தாள். சன்னல்கள் எல்லாம் மூடிக் கிடந்தன. நெடி கிளம்பியது. அவள் இருமினாள். கடையில் பெருமாள்ராஜ் இருமினார். டயர் மாட்டக் காத்திருந்த டிரைவர் மலையாளத்தில் இருமினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் போனைப் பார்த்தாள்.

போன் வரவில்லை.

கடுகு வெடித்தால் வரும் போன், வீடே கமறும்போது வரவில்லை. கூடத்துக்கு வந்து மிஷினைப் பார்த்தாள். மூன்று. பச்சை. காதைப் பக்கத்தில் கொண்டுபோனாள். கொசு ரீங்காரம் இல்லை. வலை ஓட்டையின் மேல் சந்தனம் காய்ந்து, மண் பூசிய சுவரைப் போல வெடித்து இறுகியிருந்தது. சுரண்டுவதற்கு நகத்தைக் கொண்டுபோனாள். பிறகு கையை இழுத்துக்கொண்டாள்.

கடைக்குப் போய்ச் சொன்னாள். "நீங்க வச்ச சந்தனம் ஓட்டைய அடைச்சிட்டு."

"எந்த ஓட்டைய?"

"மிஷின்ல காத்து போற ஓட்டைய."

"காத்து போற ஓட்டைய அடைக்கதுதானளா என் தொழிலு," என்றார் பெருமாள்ராஜ், டியூபிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகுதான் விஷயம் உறைத்தது. எழுந்து வந்து குரலைத் தாழ்த்தினார். "பேசாம இரு. சாமிக்கு வச்ச சந்தனத்த யாரும் தொடைக்க மாட்டாவ. அது தானா உதிரட்டும். மக வரட்டும்."

"உள்ள காத்து பழைய மாதிரிதான இருக்கு?"

"மிஷினு பச்சையாத்தான காட்டுது?"

"மிஷினுக்குப் பச்சை. பிள்ளைக்கு?"

"நாம இங்கன இருக்கலியா?" என்று கேட்டார் அவர். கேட்டு முடித்ததும் இருமல் வந்தது. சாக்கடைப் பக்கம் போய் இருமிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார்.

சுடலைவடிவு பேசாமல்தான் இருந்தாள். ஒரு பொய்யைத் தான் சொல்லவில்லை, மிஷின்தான் சொல்லுகிறது என்று சமாதானம் செய்துகொண்டாள். மகள் வந்து ஒரு மாதம் மடியில் படுத்துக் கிடந்தால் போதும், மற்றதை அப்புறம் பார்க்கலாம். அந்த நினைப்பில் பிள்ளைக்குத் துணி தயார் செய்ய ஆரம்பித்தாள். பெருமாள்ராஜின் பழைய வேட்டிகள், துவைத்துத் துவைத்துப் பூவாகிப்போனவை. சதுரமாகக் கிழித்து அலசி, ரோட்டுத் தூசி படக் கூடாது என்று கூடத்துக்குள்ளேயே கயிறு கட்டிக் காயப்போட்டாள். மறுநாள் மடிக்க எடுத்தபோது, துணியில் அவள் விரல் பட்ட இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. முகர்ந்து பார்த்தாள். டீசல். மறுபடி வாளியில் போட்டு அலசினாள். தண்ணீர் அரிசி களைந்த நீர் மாதிரி இல்லை, பாத்திரம் கழுவிய நீர் மாதிரி இருந்தது.

தலைக்கு மேலே மிஷின் மூன்று காட்டிக்கொண்டிருந்தது.

இந்தத் துணியில்தான் பிள்ளையைச் சுற்ற வேண்டும். அவள் துணிகளை வாளியிலேயே விட்டாள். ஹேர்பின்னை எடுத்து ஓட்டையிலிருந்த சந்தனத்தைச் சுரண்டினாள். குங்குமத்தைத் தொடவில்லை. இன்டர்நெட் கருவியை வீட்டிலேயே அணைத்து வைத்துவிட்டு, மிஷினை மட்டும் வயர் கூடையில் போட்டுத் துண்டால் மூடி பஸ் ஏறினாள்.

பாதி வழியில் போன் வந்தது. "அத்த, மிஷின் ரெண்டும் தெரியலயே?"

"தூசி தட்டுதேன் மாப்ள," என்றாள். அது உண்மைதான்.

முதலில் முக்கூடலுக்குப் போனாள். அங்கே அண்ணன் கருத்தையா வயற்காட்டு ஓரத்தில் வீடு கட்டியிருந்தார். எந்த விசேஷத்தில் பார்த்தாலும் "எங்க ஊருக் காத்து மாதிரி வருமா?" என்று கேட்கிறவர். பிரசவத்தை அங்கே வைத்துக்கொண்டால் என்ன என்பது அவள் யோசனை. தாய் மாமன் வீடு, சம்பந்தியும் குறை சொல்ல முடியாது. மிஷினைத் தரையில் வைத்துச் செருகினாள். விசிறி ரீங்கரித்தது. நூற்று இருபத்தொன்று.

கருத்தையா குனிந்து பார்த்தார். "மிஷினு சரியில்ல."

"பின்னால என்னண்ணே பொகை?"

"அது செங்கச் சூளை. அதச் சேக்கக் கூடாது."

"எத?"

"சூளைய. அது நம்மது இல்ல. தெக்கத்திக்காரன் போட்டது. அதக் கழிச்சுட்டுப் பாரு, எவ்வளவு வருது?"

கழித்துப் பார்க்கும் வசதி மிஷினில் இல்லை. அண்ணி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுச் சுடலைவடிவு திரும்பினாள்.

பேட்டையில் இறங்கி நடந்தபோது ஹமீது பீவியின் தெரு வந்தது. லாரி நுழைய முடியாத தெரு, ஆட்டோவே யோசித்து நுழையும். மகன் துபாய்க்குப் போன பிறகு பின்கட்டைப் பூட்டியே வைத்திருக்கிறேன் என்று ஹமீது பீவி ரேஷன் வரிசையில் சொன்னது ஞாபகம் வந்தது. உள்ளே போனாள்.

"என்னம்மா இது, ஜுரம் பாக்குற மிஷினா?"

"காத்துக்கு."

"காத்துக்கு ஜுரமா?" ஹமீது பீவி பின்கட்டைத் திறந்துவிட்டாள். ஒரு அறை, ஒரு சமையல் இடம், கிணற்று முற்றத்தைப் பார்த்த ஒரு சன்னல். நாற்பத்தொன்று. பச்சை.

சுடலைவடிவு நம்பவில்லை. சந்தனத்தை நம்பி ஒருமுறை மோசம் போனவள். மறுநாள் சட்டியும் எண்ணெயும் கொண்டுவந்து அங்கேயே சமைத்தாள். கடுகு வெடித்தது. எழுபத்தைந்து. சன்னலைத் திறந்தாள். எண் இறங்க ஆரம்பித்தது. அறுபது, ஐம்பது, நாற்பது. சன்னலைத் திறந்தால் இறங்கும் என்பதை அவள் மறந்தே போயிருந்தாள். அன்றைக்கே ஹமீது பீவியிடம் வாடகை பேசி முடித்தாள். பெருமாள்ராஜுக்குச் சாயங்காலம் சொன்னாள். "இருக்கற வீட்ட விட்டுட்டு வாடகை வீட்டுல பிரசவமா? ஊரு என்னத்தச் சொல்லும்?" என்றார் அவர். சுடலைவடிவு அலசி முடிக்காத துணிகளை வாளியோடு கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் தண்ணீரைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்கத் தொட்டியில் டியூபை அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்த்தவருக்கு அந்தக் கறுப்பு பழக்கமான கறுப்பு. எழுந்து கடைக்குப் போய்விட்டார்.

வளைகாப்பு அன்று காலையில், அதுவரை அணைத்தே வைத்திருந்த மிஷினையும் இன்டர்நெட் கருவியையும் ஹமீது பீவியின் பின்கட்டில் செருகிவிட்டுக் கூடங்குளம் கிளம்பினார்கள். வளையல் போட்டு முடிந்ததும், சாப்பாட்டுக்கு முன்னால், மாரித்தாயைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும் என்பது சுடலைவடிவின் திட்டம்.

சுகன்யா முழங்கை வரைக்கும் வளையலோடு மணையில் உட்கார்ந்திருந்தாள். தேவேந்திரன் சொந்தக்காரர்களிடம் மாமியார் வீட்டு அதிசயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் சித்தப்பா ஒருவர், எண்ணை நேரில் பார்த்தால்தான் நம்புவேன் என்றார். தேவேந்திரன் போனை எடுத்துக் காட்டினான்.

"மூணுன்னியே. முப்பத்தெட்டு காட்டுது?" என்றார் சித்தப்பா.

மாரித்தாய் கையில் சந்தனக் கிண்ணத்தோடு திரும்பினாள். "மூணு இருக்குன்னுதான மைனி அனுப்பச் சம்மதிச்சோம்."

"மூணை விட முப்பத்தெட்டு நல்லது மைனி," என்றாள் சுடலைவடிவு.

யாருக்கும் புரியவில்லை. பெருமாள்ராஜ் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது வேற வீடு, வாடகைக்குப் பிடிச்சது. எங்க வீட்டுல மூணெல்லாம் கிடையாது. இவுக ஆயுத பூஜைக்கு மிஷினுக்குச் சந்தனம் வச்சாவ. ஓட்டை அடைச்சுப் போச்சு. மிஷினு மூச்சே விடல. அதான் மூணு. எங்க வீடு எழுபத்தாறுக்குக் கீழ இறங்காது. எவ்வளவோ பாத்துட்டேன்."

சிரிப்பை அடக்கத் தெரியாமல் முதலில் சிரித்தவர் சித்தப்பாதான். பிறகு பந்தி போட்டுக்கொண்டிருந்தவர்கள் வரைக்கும் சிரித்தார்கள். பெருமாள்ராஜ், "சாமிக்கு வச்சது," என்று மின்விசிறியிடம் சொன்னார். தேவேந்திரன் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு கருவி ரொம்ப நல்ல எண்ணாகக் காட்டினால் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்று வேலையில் சேர்ந்த அன்றே அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

மாரித்தாய்க்குச் சிரிப்பு வந்து போன பிறகு யோசனை வந்தது. "அப்போ நீங்க கூட்டிட்டுப் போறது வாடகை வீட்டுக்கு."

"ஆமா மைனி."

"அது தாய் வீடு ஆவாதே."

"நான் அங்கதான இருக்கப் போறேன்."

"சம்பந்தி?"

"அவுக கடையில இருப்பாவ. சாப்பாடு கொண்டு கொடுப்பேன்."

மாரித்தாய் சுகன்யாவைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். சுகன்யா மணையிலிருந்து ஒரு காலை நீட்டி வைத்துக்கொண்டாள். "எந்த வீடுன்னாலும் சரி அத்த. சீக்கிரம் முடிவு பண்ணுங்க, காலு வீங்குது."

மாரித்தாய் தானும் காரில் ஏறினாள். பார்க்காமல் அனுப்ப மாட்டாளாம். பேட்டையில் கார் தெருவுக்குள் நுழைய முடியாமல் முனையிலேயே நின்றது. அது அவளுக்குப் பிடித்திருந்தது போல் தெரிந்தது. பின்கட்டில் நின்று மிஷினைப் பார்த்தாள், சன்னலைத் திறந்து மூடிப் பார்த்தாள், மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். பிறகு ஹமீது பீவியிடம் கேட்டாள்:

"நீங்க சாம்பிராணி போடுவியளா?"

"வெள்ளிக்கிழமை தவறாது."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பிள்ளை பிறந்து போற வரைக்கும் ஊதுபத்திகூடக் கொளுத்த மாட்டேன், போதுமா?" என்றாள் ஹமீது பீவி. "நன்னாரி சர்பத் குடிக்கிறியளா?"

மாரித்தாய் சர்பத் குடித்தாள். குடித்துவிட்டு மருமகளின் தலையைத் தடவி, "நல்லா தூங்கு," என்று சொல்லிவிட்டுக் கார் நின்ற முனைக்கு நடந்தாள்.

மறுநாள், இருட்டும் முன் பெருமாள்ராஜ் கடையைச் சாத்திவிட்டு மகளைப் பார்க்க வந்தார். கை காலைக் கழுவிவிட்டுத்தான் வந்தார். சுடலைவடிவு அவரை வாசலிலேயே நிறுத்தினாள். சட்டையைக் கழற்றச் சொல்லி, வேறு துண்டு கொடுத்தாள். சட்டையைத் தெருப் பக்கத்துக் கொடியில் போட்டாள். அவர் துண்டைப் போர்த்திக்கொண்டு உள்ளே வந்து, மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சுகன்யா ஒருக்களித்துப் படுத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல் இடுக்கில் ரப்பர்க் கறுப்பு இருந்தது. அது இருபது வருசமாகச் சோப்புக்குப் போகாதது.

சுவரில் எண் முப்பத்தெட்டிலிருந்து நாற்பதானது. பிறகு நாற்பத்துமூன்று.

பச்சை பச்சையாகத்தான் இருந்தது. பெருமாள்ராஜ் எண்ணைப் பார்த்தார், தன் தலைமுடியை ஒருமுறை தடவிக் கையை முகர்ந்து பார்த்தார். மகளின் பிடியிலிருந்து கையைப் பைய விடுவித்துக்கொண்டு எழுந்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வாசற்படி ஓரமாகப் போட்டு உட்கார்ந்தார். அங்கிருந்தே, தெருவுக்கும் கேட்கும்படி கேட்டார்:

"சாப்பிட்டியாட்டி?"